கார்டு எண்ணின் கடைசி இலக்கம்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் குத்தம்பாக்கம் வீட்டுக்கு வந்திருந்தான். ஆன்லைன் கடைகளுக்கு வெப்சைட் செய்யும் வேலை. லேப்டாப்பில் 4111 1111 1111 1111 என்று ஒரு கார்டு எண்ணைப் போட்டான். கடை ஏற்றுக்கொண்டது. "யார் பணம்டா இது?" என்று பதறிவிட்டேன். "யார் பணமும் இல்ல சார், சோதிச்சுப் பார்க்கிறதுக்குன்னே வெச்சிருக்கிற நம்பர்" என்று சிரித்தான்.

அப்புறம் கணக்கைச் சொன்னான். வலது கோடியில் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். நானே காகிதத்தில் போட்டேன். 4 எட்டாகிறது, ஏழு ஒன்றுகள் 14, இரட்டிக்காத எட்டு ஒன்றுகள் 8. ஆக 30. சரிதான்!

இதைக் கண்டுபிடித்தவர் ஐபிஎம் கம்பெனியில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன். ஜெர்மனியில் பிறந்தவர். துணியில் இழை எண்ணும் கருவி ஒன்றையும் செய்தவர். 1954-இல் விண்ணப்பித்து 1960-இல் காப்புரிமை பெற்றார். அது கம்ப்யூட்டர் புரோகிராம் அல்ல, கையில் பிடித்துச் சுழற்றும் சின்ன இயந்திரம். எண்ணை எழுதும்போது கை தவறுவதைப் பிடிக்கத்தான் அது.

கை தவறுவது எனக்குத் தெரியும். 1992-இல் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கணக்கில் 43. பதிவேட்டில் 34 என்று எழுதிவிட்டேன். 35 இருந்தால்தான் பாஸ். ஒன்பது தள்ளிச் சரிபார்ப்பது என் வழக்கம். இரண்டுக்குமே இலக்கக் கூட்டல் 7, அதனால் அந்தச் சோதனை வாயே திறக்கவில்லை. அவன் அப்பா அவனைச் செங்கல் சூளைக்குக் கூட்டிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து விடைத்தாள் கட்டை அவிழ்த்தபோதுதான் கண்ணில் பட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சூளைக்கே ஓடினேன். லூன் முறையில் இடம் மாறினால் கூட்டலும் மாறிவிடும். 09, 90 மட்டும் அதிலும் தப்பிவிடும். ஆதார் எண்ணில் இருக்கும் வெர்ஹோஃப் முறை அதையும் பிடிக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு எண் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். கார்டு யாருடையது, பணம் இருக்கிறதா என்று சொல்லாது. அதனால்தான் ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் ஆன்லைனில் இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்றது. நம் போனுக்கு வரும் ஓடிபி அப்படி வந்ததுதான். 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவும் கூடாது.

சூளைக்குப் போன பையன் மறுபடி பள்ளிக்கு வந்துவிட்டான். இதைப் படிப்பான், அதனால் பெயர் போடவில்லை.