இருபத்தெட்டுப் புளியங்கொட்டை

திருவக்கரை என்று சொன்னால் நம் பக்கத்து ஆட்களுக்கு முதலில் வக்கிரகாளி நினைவுக்கு வருவாள். பிறகு சந்திரமௌலீஸ்வரர் கோயிலின் மூன்று முக லிங்கம். அதற்கும் பிறகு, ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் கிடக்கும் கல்மரங்கள். சம்பந்தர் வந்து பதிகம் பாடிய ஊர் இது. கல்மரங்களைப் பற்றி 1781லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் குறித்து வைத்துவிட்டார். அந்த மரங்களுக்கு வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டு என்று புவியியல் ஆய்வுத் துறையின் பலகை சொல்கிறது. ஆக, இந்த ஊருக்கு வரலாறு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்த வரலாற்றில் எல்லாம் ஒரு விஷயம் இல்லை. இந்த மேட்டிலும் ஆற்றங்கரையிலும் பிழைத்த சனங்கள் எதற்குச் சிரித்தார்கள்? வேலைக்கு நடுவில், காத்திருக்கும் நேரத்தில், எதை வைத்துக்கொண்டு பொழுதைக் கொஞ்சம் இனிப்பாக்கிக்கொண்டார்கள்? நான் முப்பது வருஷத்துக்கு மேல் சர்வேயராக வேலை பார்த்தவன். புலப்படத்தில் கிணறு காட்டுவோம், ஓடை காட்டுவோம், கோயில் காட்டுவோம். ஆலமரத்தடிக் கல்லில் கீறி வைத்த ஆடுபுலிக் கட்டத்தைக் காட்ட எங்களுக்கு ஒரு குறியீடும் கொடுக்கப்படவில்லை.

பௌர்ணமி இரவில் திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள். நள்ளிரவு ஜோதி தரிசனத்துக்கு சாயங்காலமே கூட்டம் வந்துவிடும். கோயிலுக்குப் போவது என்பதில் பாதி காத்திருப்பதுதான். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. நான் சிறுவனாக சங்கராபரணியைத் தாண்டி மாட்டு வண்டியில் வந்த காலத்தில், வண்டியை அவிழ்த்துப் போட்டதும் பெரியவர்கள் செய்யும் முதல் வேலை தரையில் கோடு கிழிப்பது. கரித்துண்டோ, ஓட்டுச்சில்லோ போதும். ஐந்து நிமிஷத்தில் சுற்றி இருபது பேர். விளையாடுகிறவர் இரண்டு பேர், யோசனை சொல்கிறவர் பதினெட்டுப் பேர்.

இதற்கெல்லாம் சான்று எங்கே இருக்கிறது என்று தேடினால், நம் மண்ணிலேயே பழைய சான்று ஒன்று கிடைக்கிறது. திண்டிவனம் வட்டாரம் அந்தக் காலத்தில் ஓய்மாநாடு. அதை ஆண்டவன் நல்லியக்கோடன். அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை, 269 அடி, பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அதில் வரும் கிடங்கில் என்ற ஊர்தான் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிப்போன கிடங்கல். பள்ளியில் இதை எங்களுக்கு வள்ளல்களின் பட்டியலாகத்தான் நடத்தினார்கள். மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர், பரீட்சையில் ஐந்து மதிப்பெண்.

ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. பாண்டி நாட்டுக் கொற்கையைச் சொல்லும் இடத்தில் உப்பு வணிகர்களின் வண்டிகள் வரிசையாக வருகின்றன. வண்டியோடு ஒரு பெண் குரங்கும் வருகிறது, அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. அது என்ன செய்கிறது தெரியுமா? கிளிஞ்சலின் வயிற்றுக்குள் முத்துகளைப் போட்டு மூடி, உப்பு விற்கும் பெண்களின் குழந்தைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறது. கொற்கை முத்து ரோமாபுரி வரை போன சரக்கு. அது இங்கே ஒரு குரங்குக்கும் நாலு பிள்ளைகளுக்கும் கிலுகிலுப்பைக்குள் போடும் கல். புலவருக்கு அரசனைப் புகழ்வதுதான் வேலை. ஆனாலும் வண்டிப் பாதையில் நடந்த இந்தக் கூத்தை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. நான் மரக்காணம் உப்பளங்களில் சங்கிலி பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அந்த வெயிலும் கண் கூச்சமும் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கிலுகிலுப்பைச் சத்தத்தின் அருமை தெரியும்.

அதே பாட்டில் பாணன் வீட்டுச் சமையலறையும் வருகிறது. கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க, கொடுக்க முடியாமல் குரைக்கிறது தாய் நாய். சுவரில் காளான் பூத்திருக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறார்கள். ஒரு பக்கம் உப்பு வண்டி, இன்னொரு பக்கம் உப்பில்லாத கீரை. இரண்டையும் ஒரே பாட்டில் வைத்தவரை எளிதில் கடந்துவிட முடியாது. வறுமையை மறைக்காமலேதான் அவர் குரங்கின் ஆட்டத்தையும் சொல்கிறார்.

நற்றிணையின் மூன்றாம் பாட்டில் இளங்கீரனாரும் இப்படித்தான். பாலை நிலம், வில்லையே ஏராகக் கொண்டவர்கள் வாழும் சிற்றூர், வழிப்போக்கருக்கு நடுக்கம் தரும் இடம். அங்கே ஒரு வேப்பமரம். மேலே குஞ்சு பொரித்த பருந்து வருந்திக்கிடக்கிறது. கீழே புள்ளிப் புள்ளியாக விழும் நிழலில் பையன்கள் கட்டம் கீறி நெல்லிக்காயை வட்டாக உருட்டி விளையாடுகிறார்கள். கட்டத்தின் கோடுகள் தட்டான் பொன் உரைக்கும் கல்லில் இருக்கும் கீற்று மாதிரி இருந்ததாம். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கட்டம் அது. மண்ணில் கீறியதால் அன்றைக்கே அழிந்திருக்கும். பாட்டில் தப்பித்துவிட்டது.

கல்லில் கீறியவை இன்னும் இருக்கின்றன. வேலை நிமித்தமாகப் போன ஊர்களில், மண்டபத் தரைகளில், குளத்துப் படிகளில், ஆடுபுலிக் கட்டத்தையும் வரிசையாகத் தோண்டிய பல்லாங்குழிகளையும் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பல பழைய கோயில்களில் காணலாம், ஹம்பியிலும் உண்டு. இலங்கையில் பாசனத் துறை அதிகாரியாக இருந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் அந்தத் தீவில் பாறைகளில் வெட்டிய இப்படிப்பட்ட குழிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவரும் எங்களைப் போல அளவெடுக்கப் போன ஆள்தான். குனிந்து தரையைப் பார்த்து நடக்கிறவனுக்குத்தான் இது அகப்படும்.

ஆடுபுலிக்குப் புலி மூன்று, ஆடு பதினைந்து, கோடுகள் கூடும் புள்ளி இருபத்து மூன்று. புலி தாண்டி வெட்டலாம். ஆடு யாரையும் வெட்ட முடியாது, நெருங்கி நின்று புலியை நகரவிடாமல் அடைக்கலாம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் நிலபுலன் உள்ள ஒருவர் எப்போது உட்கார்ந்தாலும் புலியைத்தான் எடுப்பார். எதிரில் அவர் பண்ணையில் மாடு மேய்க்கும் ஆள், வயது அறுபதுக்கு மேல். ஒருநாள் மூன்று புலியையும் மூலையில் அடைத்துவிட்டு, "நகருங்க ஐயா" என்றார் அந்தப் பெரியவர், முகத்தை ரொம்ப மரியாதையாக வைத்துக்கொண்டு. யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஊரே சிரித்தது.

நடவுப் பெண்களின் குறும்பைச் சொல்லாமல் விட்டால் வயல்காட்டுக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிது. பேண்ட் போட்டுக்கொண்டு, செயின்மேன் பின்னால் வர, வரப்பில் கம்பீரமாக நடக்கிறேன். காலுக்கு முன்னால் சொத்தென்று ஒரு நாற்று முடி விழுந்தது. நிமிர்ந்தால் சேற்றில் பத்துப் பதினைந்து பெண்கள், இடுப்பு நிமிர்த்தி நிற்கிறார்கள். "தம்பி, நாத்தைத் தாண்டிப் போவக் கூடாது. காசு வைங்க, இல்லன்னா இறங்கி நடுங்க." வழக்கம் தெரிந்த செயின்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பையில் இருந்த இரண்டு ரூபாயை வைத்தேன். பின்னால் ஒரு பாட்டுக் கிளம்பியது. பேண்ட் போட்ட மாப்பிள்ளை, சேறு பார்த்துப் பயந்த கதை. காலையில் ஆறு மணியிலிருந்து குனிந்தே இருக்கும் முதுகுகள் அவை. அந்த இரண்டு ரூபாய்க்குக் கிடைத்தது வெற்றிலை பாக்கு, அதோடு முதுகை நிமிர்த்தி நிற்க நாலு நிமிஷம். கூலிக் கணக்கில் வராத நாலு நிமிஷம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கிருந்து இங்கிலாந்து போய், அங்கே சொர்க்கமும் நரகமும் உதிர்ந்து, வெறும் பாம்பும் ஏணியுமாக உலகம் சுற்றுகிறது அது.

பல்லாங்குழிக்கு வருகிறேன். இந்த விளையாட்டை நினைத்தால் எனக்கு என் ஆயாதான் நினைவு. அம்மாவைப் பெற்றவர். இருபத்து நாலு வயதில் தாலி அறுத்தவர். ஊரில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதிலும் முன்னால் நிற்க மாட்டார். அடுப்படியிலும் மாட்டுக் கொட்டகையிலும் மட்டும் அவருக்கு முழு உரிமை இருந்தது. வீட்டில் மீன் வடிவப் பல்லாங்குழிப் பலகை ஒன்று இருந்ததாம், என் அம்மா கல்யாணத்தின்போது சீரோடு போய்விட்டது. அதனால் ஆயா பின்கட்டுத் திண்ணையின் மண் தரையில் விரலால் ஏழு குழி தோண்டி வைத்திருந்தார். இரண்டு வரிசை இல்லை, ஒரே வரிசை. எதிராளி இல்லாத ஆட்டம் அது. அசோகவனத்தில் சீதை தனியாக உட்கார்ந்து ஆடியது என்று சொல்வார்கள். தேவநேயப் பாவாணர் 1954இல் எழுதிய 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' புத்தகத்திலும் அசோகவனத்தாட்டம் என்ற பெயர் இருக்கிறது.

ஆயா ஆடிய முறையைச் சொல்கிறேன், வீட்டில் செய்து பாருங்கள். இருபத்தெட்டுப் புளியங்கொட்டை வேண்டும். முதல் குழியில் ஏழு, அடுத்ததில் ஆறு, பிறகு ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. ஏழு உள்ள குழியை வழித்து எடுத்து, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசிக் குழிக்குப் பிறகு மறுபடி முதல் குழி. ஏழாவது கொட்டை, எடுத்த குழியிலேயே வந்து விழும். இப்போது பாருங்கள். முதல் குழியில் ஒன்று, இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் ஆறு. வரிசை அப்படியே ஒரு குழி நகர்ந்திருக்கும்! மறுபடி ஏழை எடுத்துப் போட்டால் இன்னொரு குழி நகரும். ஏழு தடவை ஆடினால் ஆரம்பித்த இடத்தில் ஆரம்பித்த மாதிரியே நிற்கும்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். "இதுல யாரு ஜெயிக்கறது ஆயா?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கறதுக்கு இங்க யாருடா இருக்கா? சுத்தி வருது பாரு. அதான்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கொட்டைகளை வழித்து மடியில் கட்டிக்கொள்வார். "இந்த வயசுல, இந்தக் கோலத்துல, உனக்கு விளையாட்டா?" என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இருந்தது. ஆயா பதில் பேச மாட்டார். அவர்கள் போனதும் மடி அவிழும். கணக்கு தப்பாமல் இருபத்தெட்டும் மறுபடி குழிக்குள் போகும்.

இந்தப் பல்லாங்குழிக் குடும்பம் ரொம்பப் பெரியது. ஆப்பிரிக்கா முழுக்க உண்டு. மலேசியாவில் சோங்காக், சிங்களவரிடம் ஒலிந்த கெளிய, பிலிப்பீன்ஸில் சுங்கா. ஆயாவின் ஆட்டம் போலக் கலையாமல் நகரும் வரிசைக்குக் கணிதக்காரர்கள் அணிவகுப்புக் கூட்டம் என்ற பொருளில் பெயர் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேண்டுமென்றே ஒரு கொட்டையை நான் ஒளித்து வைத்தபோது, மூன்றாவது சுற்றில் என் கையைப் பிடித்துவிட்டார்.

ஆயா 1971இல் காலமானார். எங்கள் பக்கத்து வழக்கப்படி கருமாதிக்கு முந்தின இரவு கர்ண மோட்சம் கூத்து வைத்தார்கள். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சாவு வீட்டுக்குக் கூத்து என்றால் கர்ணன் செத்து மோட்சம் போகும் கதைதான். அந்தக் கூத்திலும் கட்டியக்காரன் உண்டு. வேஷக்காரர்கள் திரைக்குப் பின்னால் வந்து நிற்க, யார் வருகிறார் என்று கேட்டுச் சபைக்கு அறிவிப்பதும், ராஜாவையே கேலி பண்ணுவதும், மகாபாரதத்துக்கு நடுவே ரேஷன் கடையைக் கொண்டுவருவதும் அவன் வேலை.

பதினைந்து நாளாக அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. கூத்துக்கும் வர மாட்டேன் என்றவரைப் பெரியம்மா இழுத்து வந்து பாயில் உட்கார வைத்திருந்தார். நடு ராத்திரி இருக்கும். கர்ணன் கிரீடமும் புஜக்கட்டையுமாக ஆடி முடித்து, கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாதவன் நான் என்று பெருமை பேசினான். கட்டியக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பவ்யமாகக் கிட்டே போனார்.

"மகாராஜா, எது கேட்டாலும் குடுப்பீங்களா?"

"கொடுப்பேன்."

"போன வருஷம் எங்கிட்ட வாங்கின எட்டணாவக் குடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறி எழுந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் கர்ணன் விழுந்தபோது எல்லாரும் அழுதார்கள், அம்மாவும்தான். பொழுது நன்றாக விடிந்த பிறகு கட்டியக்காரர் முகத்து அரிதாரம் கலையாமல் எங்கள் பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் ஏழு குழி. "இது யாரு ஆடறது?" என்று கேட்டார். அம்மா உள்ளே போய், ஆயாவின் சுருக்குப் பையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.