பேச்சு வராத பிள்ளை: ஒரு பெயரிடலின் வரலாறு

'இந்தப் புள்ளைக்குப் பேச்சு வரல' என்று ஒரு வாத்தியார் சொல்லும்போது அது பிள்ளையைப் பற்றிய செய்தி மட்டுமல்ல. கேட்டவர் யார், எந்த மொழியில் கேட்டார் என்பதும் அதற்குள் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று நீளும் தோல் பிரதேசத்தில் இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. தமிழும் தக்னி உருதும் தெலுங்கும் அக்கம்பக்கத்து வீடுகளில் புழங்கும் ஊர்கள் இவை. வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் பிள்ளையும், உருது பேசும் தொழிலாளியின் பிள்ளையும் தமிழ் வகுப்பில் உட்காரும்போது மௌனமாகத்தான் உட்கார்கிறார்கள். அந்த மௌனம் குறைபாடா, வேற்றுமையா?

நம் மரபில் இதற்குச் சொல் இருக்கிறதா என்று பார்த்தால், புறநானூற்றின் 28ஆம் பாட்டு மனிதப் பிறப்பின் எட்டு எச்சங்களை வரிசைப்படுத்துகிறது. ஊமை, செவிடு, மருள் மூன்றும் அதில் தனித்தனியாக உண்டு. ஆனால் காது கேட்கிற, புத்தியும் குறையாத, மொழி மட்டும் கைகூடாத பிள்ளைக்கு அதில் இடமில்லை. அப்படியொரு பிள்ளை தனி வகையாகக் கண்ணில் படுவதற்குப் பள்ளிக்கூடம் என்கிற நவீன நிறுவனம் வர வேண்டியிருந்தது.

1905இல் பாரிசில் பினேயும் சிமோனும் தங்கள் அளவுகோலை உருவாக்கியது, பள்ளியில் தேறாத பிள்ளைகளைக் கண்டெடுத்து உதவத்தான். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் கொடார்டு அதே அளவுகோலை எல்லிஸ் தீவில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகள் மேல் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பிரயோகித்தார். சோதித்தவர்களில் பெரும்பாலோரை 'மந்தபுத்தி' என்றார். உதவி செய்யப் பிறந்த கருவி வடிகட்டும் கருவியாக மாற அதிக காலம் பிடிக்கவில்லை. இந்தியாவில் காமத் 1934இல் கன்னட, மராத்தி பேசும் பிள்ளைகளுக்காக அந்தச் சோதனையைத் திருத்தி எழுதினார். அளப்பவன் பிள்ளையின் மொழிக்குப் போக வேண்டும் என்ற ஒப்புதல் அதில் இருந்தது.

இதே ஒப்புதலை அமெரிக்காவில் வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. 1970இன் டயானா வழக்கில், கலிபோர்னியாவில் ஆங்கிலச் சோதனையை வைத்து மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புக்குத் தள்ளப்பட்ட 9 மெக்சிகப் பிள்ளைகளுக்காக வாதாடினார்கள். ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரியவர்களே அல்ல என்று தெரிந்தது. வீட்டு மொழியில் சோதிக்க அரசு சம்மதித்தது. அதற்குச் சற்று முன், 1969இல், லபாவ் கறுப்பினச் சிறுவர்களின் பேச்சைப் பதிவுசெய்து காட்டி, அது குறைமொழியல்ல, தனக்கென இலக்கணம் கொண்ட மொழி என்று நிறுவினார்.

இந்த இடத்தோடு நாம் கைதட்டி நிறுத்திவிடுகிறோம். 'குறைபாடு என்பதே அதிகாரத்தின் கட்டமைப்பு' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை தோழர்களே. 1997இல் அமெரிக்காவின் அயோவாவில் ஐந்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்கு வேறு வெளிப்படையான காரணமில்லாத மொழிக்கோளாறு இருந்தது. ஆங்கில நாடுகளின் வல்லுநர்கள் 2017இல் இதற்கு 'வளர்ச்சிசார் மொழிக்கோளாறு' என்ற பெயரை முன்வைத்தார்கள். அயோவாவில் எண்ணப்பட்டவர்கள் ஆங்கிலம் மட்டுமே பேசிய பிள்ளைகள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இது வராது என்று நினைக்க எந்த முகாந்திரமும் இல்லை. தோல் ஷாப்பில் ஒன்பது மணிநேரம் நிற்கிற தாயின் பிள்ளை ஐந்து வயதிலும் இரண்டு சொல்லுக்கு மேல் கோக்கவில்லை என்றால், 'அந்த வீட்டுப் புள்ளைங்க அப்படித்தான்' என்று பள்ளி விட்டுவிடுகிறது. 'அது மொழி வேற்றுமை' என்று நாமும் விட்டுவிடுகிறோம். இரண்டு பேரும் கைவிடுவது ஒரே பிள்ளையைத்தான்.

பிரித்தறிய வழி இருக்கிறது. மெய்யான குறைபாடு பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் தெரியும். வேற்றுமை பள்ளி மொழியில் மட்டும் தெரியும். ஆகவே முதல் கேள்வியை உருதிலோ தெலுங்கிலோ தாயிடம்தான் கேட்க வேண்டும்: இவன் அக்கா இந்த வயசுல எப்படிப் பேசினா? 'பையை வச்சிட்டு, செம்பை எடுத்துட்டு வா' என்றால் இரண்டையும் செய்கிறானா? நேற்று நடந்ததைக் கோவையாகச் சொல்கிறானா? ஆங்கிலத்தில் கால விகுதி விடுபடுவதை முக்கிய அடையாளமாகக் கொள்கிறார்கள். தமிழில் வேற்றுமை உருபிலும் வினையெச்சத்திலும்கூடத் தேட வேண்டியிருக்கலாம். இது தமிழ் இலக்கணம் படித்தவர்களின் வேலையும்கூட. தொல்காப்பிய எச்சவியலுக்கு உரை மேல் உரை எழுதிய நாம், மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் வினையெச்சம் எப்போது வருகிறது என்று எத்தனை வீடுகளில் போய்க் கேட்டிருக்கிறோம்?

சட்டத்தின் கதை இன்னொன்று. 1995இன் ஊனமுற்றோர் சட்டம் கணக்கில் எடுத்த ஏழு வகைகளில் பேச்சோ மொழியோ இல்லை. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டம் மொழித் தாமதத்தை அங்கன்வாடியிலேயே பார்க்கச் சொன்னது. 2016இன் சட்டம் பேச்சு, மொழி ஊனத்தைச் சேர்த்தது; ஆனால் குரல்வளை அகற்றம், மூளைப் பாதிப்பு போன்ற உடல்சார், நரம்புசார் காரணம் கேட்டது. காரணம் தெரியாமல் பேச்சு பின்தங்கிய பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்ற வாசல்தான் மிச்சம். அதற்கான பள்ளிப் பரிசோதனையோ, 2018இன் வழிகாட்டுதல்படி, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில். மூன்று வயதில் கிடைக்க வேண்டிய கை எட்டு வயதில் நீளுகிறது.

2006இன் தமிழ் கற்பித்தல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2016இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எட்டியது. மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு நீதிமன்றப் படியேற, உருதுப் பிள்ளை தமிழ் எழுதலாமா என்று ஊரே விவாதித்தது. எந்த மொழியிலும் வாய் திறக்க முடியாத பிள்ளை அந்த விவாதத்தில் இல்லை. ஆம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அந்தத் தாய் பஸ் ஏற வேண்டுமென்றால், 'இது சோம்பேறித்தனமில்லை, பார்க்க வேண்டிய விஷயம்' என்று அவள் மொழியில் யாராவது முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆளை அங்கன்வாடியில் உட்காரவைக்கக் கோருவது மொழியுரிமை அரசியலுக்கு வெளியே உள்ள காரியமா?