புக்கெகோஹியில் மழலையர் இயற்கை விளையாட்டு

ஆக்லாந்து நகரின் மையத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் புக்கெகோஹி. மாவோரி மொழியில் 'புக்கெ' என்றால் குன்று. கோஹிகோஹி மரங்கள் நின்ற குன்று என்பது ஊர்ப்பெயரின் பொருள். எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்மண்ணில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் செழித்து விளைகின்றன.

நியூசிலாந்தின் முன்பள்ளிப் பாடத்திட்டம் 'தே ஃபாரிக்கி'. 'பின்னிய பாய்' என்று பொருள். 1996ல் வெளிவந்து 2017ல் திருத்தப்பட்டது. விளையாட்டையே கற்றலாகக் கருதும் இத்திட்டம், குழந்தையின் வீட்டுமொழிக்கும் இடம் தருகிறது. ஆகவே ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்து அட்டைகளை வாங்கிக் குவிப்பதைவிட, கொல்லைப்புறத்தில் தமிழ் பேசிக்கொண்டே விளையாடுவது மேல்.

இரண்டு கிண்ணங்களில் மண் எடுத்து ஒன்றில் மட்டும் நீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் பொலபொலவென உதிரும், ஈரமண் பிசுபிசுக்கும். மரப்பட்டை சொரசொர, கூழாங்கல் வழுவழு, வெங்காயச் சருகு சரசர. இரட்டைக்கிளவிகள் இந்த வயதுக்கென்றே அமைந்தவை போலும்! கை தொடும்போதே காதில் விழும் சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மண்வீடு கட்டுவதும் அப்படியே. 'சிற்றில்' என்று பிள்ளைத்தமிழில் ஒரு பருவத்திற்கே பெயர் தந்த விளையாட்டு அது.

வெங்காயத்தாளின் வேர்ப்பகுதியை நறுக்கிச் சிறிது நீரில் நிறுத்தினால் சில நாட்களில் பச்சை தலைகாட்டும். பொறுமையற்ற வயதுக்கு ஏற்ற பயிர்.

காடு பெரும்பாலும் வயலாகிவிட்டாலும், எஞ்சிய சோலைகளில் கோஹிகோஹியைக் காணலாம். இது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பலாவைப் போல் அடிமரத்திலேயே பூக்கும், அதுவும் குளிர்காலத்தில். கொத்துக் கொத்தாக வெண்பூக்கள் தொங்குவது குழந்தையின் கண்மட்டத்திலேயே தெரியும். வேப்பமரத்தைப் பார்த்திராத பிள்ளைக்கு அதன் உறவினரைக் காட்டலாமே.

எச்சரிக்கை சில. கராக்கா மரத்தின் செம்மஞ்சள் பழம் கவர்ச்சியானது, கொட்டையோ நஞ்சு. தொண்டையில் அடைக்கும் சிறு கற்களையும் விதைகளையும் அகற்றிவிடுங்கள். கடையில் மூட்டையாக விற்கும் தொட்டி மண்ணைக் குழந்தையிடம் தரவே கூடாது. அதன் தூசியில் லீஜனெல்லா என்னும் நுரையீரல் நோய்க்கிருமி இருக்கக்கூடும். பெரியவர்களே முகக்கவசமும் கையுறையும் அணிந்து, திறந்த வெளியில்தான் அதைப் பிரிக்க வேண்டும். தோட்டத்து மண்ணானாலும் விளையாடி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.