இஸ்தம்பூல் இனிப்பும் புந்தோங் கடலையும்

துருக்கி நாட்டின் இஸ்தம்பூல் நகரிலே பழைய மிட்டாய்க் கடை ஒன்று உண்டு. கஸ்தமோனு என்னும் உள்நாட்டுப் பகுதியிலிருந்து பிழைப்பை நாடி வந்த பெக்கிர் என்பவர் 1777ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். மக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய பின்னர் அவர் ஹாஜி பெக்கிர் ஆனார். கடையும் அப்பெயராலேயே விளங்கலாயிற்று. சர்க்கரையையும் மாவையும் நெடுநேரம் கிளறி, பன்னீர் மணக்கச் சிறு துண்டங்களாக வெட்டிய 'லோக்கும்' என்னும் இனிப்பு அவருக்கு அரண்மனையிலும் மதிப்பைத் தேடித் தந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கடை இன்றும் நடைபெறுகிறது. தொலைதேசத்து யாத்திரிகர் சரித்திரச் சின்னத்தைக் காண்பதுபோல் அங்கே சென்று வருகின்றனர்.

இச்செய்தி தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு எவ்வாறு தெரியும்? ஆங்கிலம் கற்றதன் பயன்தான்! சிறுவயதில் ஆங்கிலக் கதைப்புத்தகம் ஒன்றில் அவ்வினிப்பைப் பற்றிப் படித்தேன். வாயில் நீர் ஊறிற்று. பின்னர் அதன் வரலாற்றையும் தேடிப் படித்தேன். ஆனால், எங்கள் பள்ளி வாயிலில் நாள்தோறும் நின்ற கச்சாங் பூத்தே வண்டியின் வரலாற்றை நான் தேடினேனா? இல்லை. அவ்வண்டிக்காரர் எங்கள் லயத்திலேயே பிறந்தவர். என் தந்தையாரின் நண்பர். 'சித்தப்பா' என்று நாங்கள் அழைத்தவர். கூடப் படிக்கும் பிள்ளைகள் நகைப்பார்களே என்று அஞ்சி, அவரைக் கண்டும் காணாதவன்போல் நான் நடந்த நாட்கள் பல. அவரோ ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லி அழைத்து வெட்கப்படுத்தியதில்லை. அவர் இன்று உயிரோடில்லை. அந்தக் கடனைச் சிறிதேனும் தீர்க்கும் எண்ணத்துடன் சென்ற தீபாவளிக்கு முன் ஈப்போவை அடுத்த புந்தோங்கிற்குச் சென்றேன். அவர் சரக்கு எடுத்தது அங்கிருந்துதான்.

புந்தோங்கில் ஒரு குடியிருப்புக்கே 'கம்போங் கச்சாங் பூத்தே' என்று பெயர். கச்சாங் பூத்தே என்னும் மலாய்ச் சொற்களுக்கு வெள்ளைக் கடலை என்பது பொருள். கொண்டைக்கடலையைக் குறித்த அப்பெயர், நாளடைவில் முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, காராபூந்தி முதலிய எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. பண்டம் தமிழருடையது, பெயர் மலாய்மொழியுடையது, வாங்கி உண்போர் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்னும் மூவருமே. இந்நாட்டின் ஒற்றுமைக்கு இதைவிட எளிய சான்று வேறு வேண்டுமோ?

இத்தொழிலை இங்கே வேரூன்றச் செய்தவர்களின் பூர்வீகம் தமிழகத்தின் எட்டயபுரம். பாரதியார் 1882இல் பிறந்த ஊர் அது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலே வாடிய நம் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்துப் பாடியவர் அவர். நம் பேராக்கின் கிரியான் வட்டாரத்திலும் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கேயும் வெட்டியவை நம்மவர் கரங்களே. எட்டயபுரமோ மழையை நம்பி வாழும் கரிசல் பூமி. அதன் அருகிலுள்ள கோவில்பட்டி, நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த கடலைமிட்டாய்க்குப் பேர்போனது. கடலையின் பக்குவம் அறிந்த அம்மண்ணின் மக்கள், கடல் கடந்து வந்தபோது கைப்பக்குவத்தையே முதலாகக் கொண்டு வந்தனர்.

அக்காலத்தை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் ஒழிந்தது. கங்காணி வழியாகக் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் தடுத்தது. அதுவரை நம்மவரிற் பெரும்பாலோர் பிறருடைய பெயர்ப்பட்டியலில் ஒரு வரியாகவே இந்நாட்டில் கால்வைத்தனர். புந்தோங் மக்களோ 1940களில் சொந்த அடுப்பை மூட்டி, சொந்தச் சரக்கைத் தலையில் சுமந்து, தெருத்தெருவாக விற்கத் தொடங்கினர். தலைச்சுமை சைக்கிளாயிற்று, சைக்கிள் மோட்டார் சைக்கிளாயிற்று. படக்கொட்டகை வாயில்களிலும் பள்ளி வாயில்களிலும் அவர்கள் நின்றனர். கைகட்டி நில்லாமல் தன் உழைப்பால் தான் வாழ்ந்தது சிறிய காரியமா?

நான் சென்ற வீட்டில் ஒரு மூதாட்டியார் அடுப்படியில் அமர்ந்திருந்தார். முறுக்கை எண்ணெயிலிருந்து எடுக்கும் தருணத்தை எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டேன். "சத்தம் அடங்குனா எடுத்துரணும், தம்பி. காது கேட்கிற வரைக்கும் இந்த வேலை ஓடும்" என்றார். மாவின் ஈரம் வற்றியதும் எண்ணெயின் ஓசை அடங்கும் என்னும் நுட்பத்தை எந்தக் கல்லூரியும் அவருக்குக் கற்பிக்கவில்லை. பேரப்பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவார்களா என்று கேட்டேன். "படிச்சு நல்லா இருக்காங்க. இதைச் சொல்லிக்கத்தான் கூச்சப்படுறாங்க" என்றார். என் தலை தானாகவே தாழ்ந்தது.

பிள்ளைகள் படித்து வேறு உத்தியோகம் பார்ப்பது தவறன்று. அதற்காகத்தான் பெற்றோர் அடுப்பில் வெந்தனர். தவறு, அந்த அடுப்பை மறைப்பதில் இருக்கிறது. இஸ்தம்பூல் கடைக்காரரும் பிழைக்க வந்தவர்தாம். அவருக்கும் நம்மவருக்கும் உழைப்பிலே வேற்றுமை இல்லை. அவருடைய ஆண்டும் பெயரும் ஏட்டில் ஏறின, நம்மவருடையவை ஏறவில்லை என்பதே வேற்றுமை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் ஊரும் வரலாறும் எழுத்தில் பதிந்தமையால் வந்த பாதுகாப்பு அது.

தோட்டங்களைப் பாருங்கள். இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. நிலம் துண்டு துண்டாகி வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை. அவற்றோடு எத்தனையோ குடும்பங்களின் கதையும் மறைந்தது. புந்தோங்கிலாவது தொழிலின் பெயர் ஊரின் பெயராக நிற்கிறது. பெயர்ப்பலகை மட்டும் நின்று, அதன் பொருளை அறிந்தவர் இல்லாமற் போகும் நாள் வரலாமா?

அன்பர்களே, அடுத்த பண்டிகைக்குப் புந்தோங்கில் முறுக்கு வாங்கச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள்: எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கப்பல், முதல் நாள் வருமானம் எவ்வளவு? கேட்டதை அன்றே எழுதிவையுங்கள். பழைய ஏடுகளைக் கிழித்துக் கடலையைப் பொட்டலம் கட்டினோம். அந்தக் கடலையின் கதையை ஏட்டில் எழுதினோமில்லை. இனியேனும் எழுதுவோம்.