முகங்களை வார்த்தவர் – 7: கள்வனும் கல்தச்சனும்

டப்ளின் நகரத்தை விட்டுப் புறப்பட்ட ஜேம்ஸ் டாஸியை, 1766-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் வாயிலில், மடியில் அதிகப் பொருளின்றி நெஞ்சில் ஒரு ரகசியத்தை மட்டும் சுமந்து நின்ற நிலையில் சென்ற வாரம் விட்டுவந்தோம். வைத்தியப் பேராசிரியர் குவினுடன் கூடி அவர் கண்டறிந்த கண்ணாடிக் கலவையே அந்த ரகசியம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ரஷ்யச் சக்கரவர்த்தினி காதரீனின் கட்டளை அந்தக் கல்தச்சரின் வாழ்க்கையையே திருப்பிவிட்ட வரலாற்றை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அதற்குமுன் அவருடைய கைத்திறனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

எதிரே வந்து அமர்ந்தவரின் பக்கவாட்டு முகத்தை மெழுகில் வடித்து, அதன்மேல் சாந்து பூசி அச்செடுத்து, உலையில் இளகிய வெண்ணிறக் கண்ணாடிக் குழம்பை அந்த அச்சில் அழுத்தி, நெற்றிச் சுருக்கமும் இமையின் கனமும் பொய்த்தலைமயிரின் சுருளும் சிறிதும் மழுங்காமல் அவர் எடுத்துவிடுவார். சலவைக்கல்லில் ஆளுயரச் சிலை வடித்தவனை மகாசிற்பி என்று போற்றுகின்ற உலகம், உள்ளங்கையில் அடங்கும் பதக்கம் செய்தவனைக் கைவினைஞன் என்று ஒதுக்கிவிடும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. பொருளாதார சாஸ்திரத்தின் பிதாமகர் ஆடம் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரணத்துக்குச் சற்றுமுன் தம் கையெழுத்துப் பிரதிகளைத் தீக்கிரையாக்கச் செய்த அந்த மனிதருடைய முகம், 1787-இல் டாஸி வார்த்த பதக்கத்தால் அல்லவா நமக்கு மிஞ்சியது! அறுபத்து நான்காம் வயதில் என்ற குறிப்பும் ஆண்டும் பொறிக்கப்பெற்ற அப்பதக்கத்தை ஆதாரமாகக் கொண்டே, 2007-இல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட இருபது பவுன் நோட்டிலும் ஸ்மித்தின் உருவம் இடம்பெற்றது.

இனிச் சக்கரவர்த்தினியின் விஷயம். ஐரோப்பிய அரசர்களின் பேழைகளில் உறங்கிய பழைய இரத்தினச் சிற்பங்கள் அனைத்தின் வார்ப்பு நகல்களையும் காதரீன் விரும்பினார். வார்ப்பது டாஸிக்கு அரிதன்று. ஆனால் ஆயிரமாயிரம் கற்களில் எது கிரேக்கம், எது ரோமாபுரி, எது நேற்றைய போலி, இதில் நிற்பவன் அப்பல்லோவா அக்கிலீஸா என்று பகுத்துப் பட்டியல் எழுதப் பன்மொழிப் புலமை வேண்டுமே! அந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர்தாம் ருடால்ஃப் எரிக் ராஸ்பே. அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் இடம் தரவில்லை.

ஹனோவரில் பிறந்த ராஸ்பே, தத்துவஞானி லைப்னிட்ஸின் அச்சேறாத நூல்களை 1765-இல் உலகுக்கு வெளியிட்டவர். பசால்ட் பாறை எரிமலையின் சிருஷ்டி என்று வாதாடியவர். லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். இத்தனை வித்தையும் கைவரப்பெற்ற அவரை நம்பி, ஹெஸ்ஸே-காஸல் சிற்றரசர் தம் நாணயங்களையும் இரத்தினங்களையும் அவர் பொறுப்பில் ஒப்படைத்தார். கடன் தொல்லையில் மூழ்கிய ராஸ்பே, காவல் காக்க வேண்டிய செல்வத்தையே சிறிது சிறிதாக அபகரித்து விற்றார். 1775-இல் குட்டு வெளிப்பட்டதும் ஓடினார். அவரைப் பிடிப்பதற்காக வெளியான விளம்பரத்தில், நீண்ட முகமும் சிறிய கண்களும் கோணல் மூக்கும் செம்பட்டை முடியும் வெட்டிவெட்டி நடக்கும் நடையும் வர்ணிக்கப்பட்டிருந்தன. கிளவுஸ்டால் என்னும் ஊரில் அகப்பட்டார். இரவோடு இரவாகத் தப்பி இங்கிலாந்து சேர்ந்தார். ராயல் சொசைட்டி அவர் பெயரை நீக்கியது. பிறகு கார்ன்வாலின் சுரங்கங்களில் உலோகம் சோதிக்கும் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, 1785-இல், பீரங்கிக் குண்டின் மீதேறிச் சவாரி செய்யும் பாரன் மஞ்சௌசனின் கதைகளைப் பெயரில்லாமல் வெளியிட்டார். அப்புத்தகத்தை ஐரோப்பாவே படித்துச் சிரித்தது. எழுதியவர் இன்னாரென்று அவர் உயிரோடிருந்தவரை வெளிப்படவில்லை.

ராஸ்பே செய்தது நம்பிக்கைத் துரோகம். அதைக் களவு என்றே சொல்வேன். கள்வனைக் கண்டு நல்லோர் கதவடைத்துக்கொண்ட காலத்தில், குறைபட்ட ஒரு வார்ப்பைக்கூடக் கடைக்கு அனுப்ப மனம் வராத டாஸி அவருக்குத் தம் பட்டறையைத் திறந்துவிட்டார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. காஸலில் இரத்தினங்களோடு பழகிப் பெற்ற அறிவையெல்லாம் ராஸ்பே இங்கே கொட்டினார். 1791-இல், ஆங்கிலமும் பிரெஞ்சும் அருகருகே அமைய, இரண்டு பாகங்களாக வெளிவந்த அந்தப் பட்டியலில் ஏறத்தாழ 15,800 உருப்படிகள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாண்டுக்குப்பின், அயர்லாந்தில் தாமிரம் தேடிச் சென்ற இடத்தில், காய்ச்சலில் ராஸ்பே மாண்டார்.

பக்கம் நிறைந்துவிட்டது. சக்கரவர்த்தினிக்காகக் கட்டடக் கலைஞர் வையட் வகுத்த பேழைகளும் அவை ரஷ்யா சென்ற வரலாறும் அடுத்த வாரத்துக்கு நிற்கட்டும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். காவலர்கள் சொற்களால் தீட்டிய ராஸ்பேயின் முகத்தையும் டாஸி வெள்ளைக் கண்ணாடியில் வார்த்துவைத்தார். அந்தப் பதக்கம் இன்றும் இருக்கிறது.