பூட்டிய தொலைபேசியும் பொதுநலச் செயலியும்

கணினியின் வரலாற்றை எழுதுவோர், புதிதாக ஆக்கப்பட்ட கருவிகளுக்கு அளிக்கும் இடத்தினை, அவை எவ்வாறு பரிசோதிக்கப்பட்டன என்பதற்கு அளிப்பதில்லை. பரிசோதனை என்பது ஆக்கத்தின் வால் போல வந்து ஒட்டிக்கொள்ளும் வேலையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. கடவுச்சொல்லாற் பூட்டப்பட்ட கையடக்கத் தொலைபேசியில் ஒரு செயலி எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற வினாவும் நெடுங்காலமாகத் தொழில்நுட்பவியலாரின் சிறு விவகாரங்களுள் ஒன்றாகவே இருந்தது. 2020 ஆம் ஆண்டில், கொவிட்-19 பெருந்தொற்றின்போது, அவுஸ்திரேலியாவில் அவ்வினா பொதுச் சுகாதாரத்தையும், அரசொன்று தன் மக்களுக்கு உண்மை உரைக்கும் கடப்பாட்டையும் தொட்டு நின்றது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ளப் பூட்டின் தன்மை மாறிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

கணினியிற் கடவுச்சொல்லைப் புகுத்திய தொடக்க முயற்சிகளுள் முதன்மையானது, 1960களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேர்னாண்டோ கோர்பற்றோவின் தலைமையில் உருவான நேரப்பகிர்வு முறைமையாகும். ஒரே இயந்திரத்தைப் பலர் பயன்படுத்தியமையால் ஒருவரின் கோப்புகளை மற்றவரிடமிருந்து பிரித்து வைக்க வேண்டியிருந்தது. அக்கடவுச்சொல் வாயிற்காவலன் போன்றது. வாயிலைக் கடந்துவிட்டால் உள்ளே பொருள்கள் திறந்தபடியே கிடந்தன. 1962 இல் அங்கு ஆய்வு மாணவராயிருந்த ஒருவர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பினையே அச்சிட்டுத் தருமாறு அவ்வியந்திரத்திடம் கேட்டுப் பெற்றுக்கொண்டார் என்பது கணினித் துறையினர் இன்றும் நகைத்துக் கூறும் செய்தி.

தொலைபேசி அத்தகைய வாயிற்காவலோடு நின்றுவிடவில்லை. 2010 இல் அப்பிள் நிறுவனம் ஐபோனின் இயங்குதளத்தில் ஏற்படுத்திய மாற்றத்தின் பின்னர், உரிமையாளரின் கடவுக்குறி தகவல்களை மறைகுறியாக்கும் திறவுகோலின் ஒரு கூறாயிற்று. தொலைபேசி பூட்டப்பட்டதும், மிக உயர்ந்த பாதுகாப்புக்கு உட்பட்ட கோப்புகளின் திறவுகோல் நினைவகத்திலிருந்து அகற்றப்படும். அதாவது, களவாடியவன் மாத்திரமன்றி, அத்தொலைபேசியிலேயே இயங்கிக்கொண்டிருக்கும் செயலியும் தான் எழுதிவைத்த கோப்பினைத் தானே படிக்க இயலாத நிலை உண்டாகும். எந்தத் தகவல் பூட்டு திறந்திருக்கும்போது மட்டும் கிடைக்க வேண்டும், எது பூட்டிய பின்னரும் கிடைக்க வேண்டும் என்பதைத் தெரிவு செய்யும் பொறுப்பு செயலியை ஆக்குவோரிடம் விடப்பட்டது. அவர் தெரிவு செய்யாது விட்டால், முன்கூட்டியே வகுக்கப்பட்ட தெரிவொன்று தானாகவே அமைந்துவிடும்.

இனி, பரிசோதகரின் மேசைக்கு வருவோம். அங்குள்ள தொலைபேசி கம்பி வழியாகக் கணினியோடு இணைக்கப்பட்டிருக்கும், திரை அணையாதிருக்கும், பூட்டு பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். தானியங்கிப் பரிசோதனை நிரல் கடவுக்குறியை அறியாதாகையால், பூட்டு விழுந்தால் வேலை நடுவழியில் நின்றுவிடும். எனவே பூட்டினை நீக்கிவைப்பது நியாயமான வசதியே. ஆனால் மக்களின் தொலைபேசி அவ்வாறு இருப்பதில்லை. அது நாளின் பெரும்பகுதியிற் பூட்டப்பட்டுச் சட்டைப்பையினுள்ளும் கைப்பையினுள்ளும் உறங்குகின்றது. மேசையில் விழித்திருக்கும் கருவியைப் பரிசோதித்துவிட்டுப் பையில் உறங்கும் கருவியைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது, பகலிற் சென்று பார்த்துவிட்டு இரவுக்காவல் செவ்வனே நடைபெறுகின்றது எனச் சான்று வழங்குவதை ஒக்கும்.

அவுஸ்திரேலிய அரசு 2020 ஏப்பிரல் 26 ஆந் திகதி கொவிட்சேவ் என்னும் செயலியை வெளியிட்டது. சிங்கப்பூர் அதே ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட ரிறேஸ்ருகெதர் செயலியின் அடிப்படையில் அது அமைந்தது. இரு தொலைபேசிகள் அண்மையில் இருப்பின் புளூடூத் அலைகளால் ஒன்றையொன்று இனங்கண்டு, தற்காலிக அடையாளங்களைப் பரிமாறிப் பதிந்துகொள்ளும். அப்பதிவு 21 நாட்கள் வைத்திருக்கப்படும். ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, அவர் இணங்கினால், 1.5 மீற்றர் தூரத்துள் 15 நிமிடங்களேனும் அவரோடு இருந்தோரைச் சுகாதாரத் துறையினர் கண்டறிவர். இதுவே திட்டம். வெளியான ஒரு நாளுக்குள் 10 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதனைப் பெற்றனர். வெயிலிற் செல்வோர் பூசும் களிம்புக்குப் பிரதமர் ஸ்கொட் மொறிசன் அதனை ஒப்பிட்டார். பலரும் அதனைப் பயன்படுத்தினாற் கட்டுப்பாடுகள் தளரும் என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டது. செயலியைப் பயன்படுத்துமாறு எவரையும் வற்புறுத்துவதைக் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் சட்டமும் மே மாதத்தில் நிறைவேறியது. தனிமனித அந்தரங்கம் குறித்து அந்நாட்டில் எழுந்த விவாதம் ஆழமானது, சட்டமும் பாராட்டத்தக்கதே. எனினும், செயலி வேலை செய்கின்றதா என்ற எளிய வினா அவ்விவாதத்தின் ஆரவாரத்தில் மறைந்துபோயிற்று.

அவ்வினாவுக்கான விடை அரசிடம் முதல்நாளிலேயே இருந்தது. செனற் சபைக்கு ஜூன் மாதத்திற் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்களின்படி, வெளியீட்டு நாளன்று பூட்டிய ஐபோன் ஒன்று பூட்டிய மற்றோர் ஐபோனை இனங்காணும் திறன் ‘மோசமானது’ என்றே பரிசோதனையில் மதிப்பிடப்பட்டிருந்தது. நூற்றுக்கு 25 க்கு மேற்படாத சந்திப்புகளே பதிவாகும் என்பது அச்சொல்லின் பொருள். பின்வந்த வாரங்களில் அது ஒரு படி மாத்திரமே உயர்ந்தது. செயலியின் பொறுப்பை வகித்த எண்ணிம மாற்ற முகவர் நிலையத்தின் தலைவர், மே மாதத்தின் முதல் வாரத்திற் செனற் குழுவின் முன்னிலையில், தொலைபேசி பூட்டப்பட்டுச் செயலி பின்னணிக்குச் செல்லச் செல்ல இணைப்பின் தரம் குன்றுகின்றது என ஒப்புக்கொண்டார். அதுவரை அதனைப் பெற்றுக்கொண்ட இலட்சக்கணக்கானோர் இவ்வளவையேனும் அறிந்திருக்கவில்லை.

குறைபாட்டின் காரணங்கள் இரண்டு. அவற்றை வேறுபடுத்தி நோக்குதல் அவசியம். முதலாவது, பின்னணியிலுள்ள செயலி புளூடூத்தைப் பயன்படுத்துவதற்கு அப்பிள் விதித்திருந்த கட்டுப்பாடு. பயனாளர் அறியாமல் அவரைப் பின்தொடரும் செயலிகளைத் தடுக்கவும் மின்கல ஆற்றலைச் சேமிக்கவும் உதவும் அக்கட்டுப்பாட்டைச் செயலியாளர் தாமாக நீக்க முடியாது. இரண்டாவது காரணம் முற்றிலும் அவர்களுடையதே. தற்காலிக அடையாளம் இரண்டு மணித்தியாலத்தில் காலாவதியாகும்; புதியதைப் பெறச் செயலி அரச கணினிக்குத் தன் அனுமதிச் சான்றைக் காட்ட வேண்டும். அச்சான்று, தொலைபேசி திறந்திருக்கும்போது மட்டும் எடுக்கக்கூடிய பெட்டகத்தில் வைக்கப்பட்டிருந்தது. பூட்டிய தொலைபேசியிற் செயலியால் அதனை எடுக்க முடியவில்லை; எனவே அடையாளமும் புதுப்பிக்கப்படவில்லை. மேலே குறிப்பிட்ட, தெரிவு செய்யாமலே அமைந்துவிடும் தெரிவின் விளைவு இது. ஒரு தொலைபேசியைப் பூட்டி மூன்று மணித்தியாலம் இழுப்பறையில் வைத்திருந்தாலே புலப்பட்டிருக்கக்கூடிய இப்பிழையை, நிரல் வெளியிடப்பட்ட பின்னர் அதனை ஊன்றி ஆராய்ந்த சுயாதீன மென்பொருள் வல்லுநரே வெளிப்படுத்தினர்.

குறுகிய காலத்தில், நெருக்கடியின் நடுவே ஆக்கப்பட்ட செயலியிற் பிழைகள் இருப்பது வியப்பன்று. ஆக்கியோரைக் குறைகூறுவதும் எளிது. ஆனால் இங்கு பரிசோதனை நடந்திருக்கின்றது, பூட்டிய கருவியிலும் நடந்திருக்கின்றது, முடிவும் எழுதப்பட்டிருக்கின்றது. எழுதப்பட்ட முடிவு மக்களைச் சென்றடையவில்லை என்பதே வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ள வேண்டியது. கவசம் அணிந்திருப்பதாக நம்பியவன், அணியாதவனிலும் துணிந்து நடப்பான் அல்லவா?

இதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் இவ்வகைச் செயலியே ஆக்கப்பட்டது. ஆயினும் அது நாடெங்கும் பரப்பப்படுமுன்னர், மே மாதத்தில் வைற் தீவு மக்களிடையே சோதித்துப் பார்க்கப்பட்டது. அண்மையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் நூற்றுக்கு 75 ஐயும் ஐபோன்களில் நூற்றுக்கு 4 ஐயும் மாத்திரமே அது கண்டறிந்தது என அரசு தரப்பினர் வெளிப்படையாக அறிவித்து, ஜூன் 18 ஆந் திகதி அதனைக் கைவிட்டனர். பின்னர் அப்பிள், கூகிள் ஆகிய நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய, இயங்குதளத்தினுள்ளேயே அமைந்த முறையை ஏற்றனர். அம்முறைக்குப் பூட்டு ஒரு தடையன்று. பூட்டை ஆக்கியவர்களே அதற்கு வழியும் வைத்திருந்தனர். மக்கள் நலத்துக்கான ஒரு கருவி எவ்வாறு இயங்கலாம் என்பதை இரு வணிக நிறுவனங்கள் தீர்மானித்தன என்பது தனியே ஆராயத்தக்க விடயம்.

அவுஸ்திரேலியா அம்முறையை ஏற்கவில்லை. 2020 இன் இறுதியிற் புளூடூத் பகுதி புதிய நெறிமுறையொன்றின்படி மாற்றியமைக்கப்பட்டது. அதற்குள் மக்களின் கவனம் வேறு திசை சென்றுவிட்டது. 2022 ஆகஸ்டில், ஆட்சிமாற்றத்தின் பின் வந்த அரசு செயலியை நிறுத்தியது. 210 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேற் செலவாகியிருந்தது. 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்த அச்செயலி, சுகாதார ஊழியர் நேரில் விசாரித்து அறிந்திராத தொற்றாளருள் இருவரையும், நெருங்கிப் பழகியோருள் 17 பேரையுமே கண்டறிந்தது. எஞ்சிய பயனாளர் அதனைத் தம் தொலைபேசியிலிருந்து நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர்.