ஆவடிக் களிக்கு அடியில்

பல்லாவரத்தில் போர் போட்டால் சீக்கிரமே பாறை தட்டும். ஆவடிப் பக்கம் ரிக் வண்டி நின்றால் பல இடங்களில் சாம்பல் நிறக் களி வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரர் முகம் வாடிப்போகும். மின்தடைக் கருவியைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் தண்ணீர் பார்த்துத் திரிந்தவன் நான். தண்ணீர் தராத அந்தக் களியின் மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

அதன் கதையை முதலில் படித்தவர் கையில் இருந்தது சுத்தியல்தான். 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டை எல்லோருக்கும் தெரியும். அவர் புவியியல் ஆய்வுத் துறைக்காரர் என்பதும், சென்னை, வடஆற்காடு மாவட்டங்களின் நில அமைப்பைப் பற்றி 1873இல் பெரிய அறிக்கை எழுதினார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதே களி தெற்கே தொடரும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் களிப்பாறையில் இலைத் தடங்களும் கிடைத்தன, கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் கிடைத்தன. அந்தச் செடிகளை 1879இல் ஒட்டோகார் ஃபைஸ்ட்மாண்டல் விவரித்தார். பக்கத்திலேயே காடு, நடுநடுவே கடல் உள்ளே வந்துபோன தாழ்நிலம்: இன்றைய ஸ்ரீபெரும்புதூர் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது.

இந்தத் தாழ்நிலப் பள்ளம் எப்படி விழுந்தது? சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது நிலத்தோல் இழுபட்டு மெலிந்தது. பிளவுகளின் ஓரமாகப் பாறைத் துண்டங்கள் கீழே இறங்கின. இறங்கிய இடத்தை ஆறுகள் வண்டலால் நிரப்பின. நம் பக்கத்துப் பள்ளத்துக்குப் பாலாற்றுப் படுகை என்று பெயர்.

மேலே வண்டல் மூடிவிட்டதால் இதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. எடை காட்டிக்கொடுக்கும். பல்லாவரத்துச் சார்னோக்கைட் கனமான பாறை. களிப்பாறை அதைவிட லேசு. களி ஆழமாக நிரம்பிய இடத்தில் புவியீர்ப்பு இம்மியளவு குறையும், பிளவின் விளிம்பில் சட்டென்று மாறும். 1821இல் சென்னை வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் ஊசலை ஆட்டி ஈர்ப்பை அளந்தார். அவர் தேடியது பூமியின் வடிவத்தை. பின்னால் வந்த ஈர்ப்புமானிகள் பத்துக் கோடியில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் பிடித்தன. தெற்கே காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. ஈர்ப்பையும் காந்தத்தையும் அளந்து, நிலஅதிர்வு அலைகளையும் அனுப்பிப் பார்த்தது. நெல்வயல்களுக்கு அடியில் வடகிழக்கும் தென்மேற்குமாக ஓடும் மேடுகளும் பள்ளங்களும் வரிசையாகத் தெரிந்தன. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், நாகப்பட்டினம் பள்ளம் எல்லாம் அதே பிரிவினையின் தழும்புகள்.

எங்கள் தொழில் மேலோட்டமானது. நான்கு கம்பிகளை வரிசையாக நட்டு, வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் விட்டு, உள்கம்பிகளில் மின்னழுத்தம் பார்ப்போம். வெளிக்கம்பிகளைத் தள்ளத் தள்ள ஆழம் கூடும். களி மின்சாரத்தைச் சுலபமாக விடும், பாறை தடுக்கும். உப்புநீர் இருந்தாலும் களியைப் போலவே காட்டும் என்பதுதான் தொல்லை. அதனால் கருவி சொல்வதைத் துளையிட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். 1966 முதல் 1969 வரை ஐ.நா. உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு வட்டாரத்தில் நடந்த நிலத்தடி நீர் ஆய்வு, களிக்கு மேலே புதைந்து கிடந்த பழைய ஆற்றுமணலைத் தேடியது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் கிணறுகள் சென்னைக்குத் தண்ணீர் தந்தது அதனால்தான்.

இன்று அம்பத்தூரில் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி துளை விழுகிறது. வெளியே வந்த மண்ணை லாரியில் அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் போர் போட்டால் எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களி, எங்கே பாறை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து அடிக்கு ஒரு பிடி மண்ணைப் பையில் கட்டி, ஆழத்தைக் குறித்துப் பக்கத்துக் கல்லூரிப் புவியியல் துறையில் கொடுங்கள்.